எட்டுக்குள் ஊன்றிய கால்

மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுக்க நான் இரண்டு தடவை டெஸ்ட்டுக்குப் போனேன். முதல் தடவை தோற்றதற்கு வண்டி காரணமில்லை. பிரேக், கிளட்ச், கியர் எதுவும் காரணமில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன். யார் மேல் கோபம் என்று கேட்டால் ஒரு ஆளைக் காட்ட முடியாது. மூன்று நான்கு பேர் இருக்கிறார்கள். அதில் நானும் ஒருவன்.

அறுபதுகளின் ஆரம்பம். பீளமேட்டில் ஒரு பம்பு செட் பட்டறையில் வேலை பார்த்தேன். வார்ப்படக் கொட்டகையில் மண் சலித்து அச்சு தட்டுகிற வேலை. இருமினால் எச்சில் கறுப்பாக வரும். அங்கே இருபது வருஷம் இருந்த ஒருவர் நாலு எட்டு வைப்பதற்குள் நின்று மூச்சு வாங்குவார். நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன். அவரைப் பார்த்துப் பார்த்து, தினமும் காலையில் எழுந்ததும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு எண்ணுவேன், நேற்று எண்ணிய அளவு இன்றைக்கும் தாங்குகிறதா என்று. ஒன்று குறைந்தாலும் அன்றைக்குச் சோறு இறங்காது.

அப்போதுதான் முதலாளி ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். பட்டாளத்தில் கழித்துப்போட்ட டிஸ்போசல் வண்டி. பச்சைப் பெயின்ட்டு பாதி உரிந்திருந்தது.

"நம்ம மோட்டாரு ஊரூராப் பரவிப்போச்சு. ரிப்பேர்னு ஆளு வந்து நின்னா, பஸ்ஸைப் புடிச்சுப் போய்ச் சேரவே ஒரு நாளாயிருது," என்றார். "யாரு லைசென்ஸ் எடுத்துட்டு வாரீங்களோ, அவங்க வெளி வேலைக்குப் போயிருங்க. கொட்டகைல நிக்க வேண்டாம்."

கொட்டகையில் நிற்க வேண்டாம் என்ற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் முன்னால் போய் நின்றேன். வேறு இரண்டு பேரும் வந்தார்கள். கிக்கர் திருப்பி அடித்ததில் ஒருவனுக்குக் கணுக்கால் வீங்கிவிட்டது. அதைப் பார்த்து இன்னொருவன் ஒதுங்கிக்கொண்டான். பட்டறையில் பிட்டராக இருந்த என் சினேகிதன் ஒருவனுக்கு வண்டி நன்றாக ஓட்டத் தெரியும். ஆனால் ஒரு கண்ணில் பூ விழுந்திருந்ததால் லைசென்ஸ் கிடைக்காது. அவனும் என் வயசுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னால் உட்கார்ந்துகொண்டு என்னைத் திட்டித் திட்டி ஓட்ட வைத்தான்.

"பெட்ரோல் மூடியை எத்தனை தரம்டா திறந்து பாப்ப? அதென்ன அடுப்புல வெச்ச பாலா, பொங்கி வழிய?"

மூன்று தரம் பார்ப்பேன். செயினை இரண்டு தரம். எதிரே நாய் வந்தால் அது எந்தப் பக்கம் ஓடும் என்று முன்கூட்டியே கவலைப்பட ஆரம்பித்துவிடுவேன். ஆனாலும் வண்டி எனக்கு வசப்பட்டது. ஒரே மாதத்தில் கால் ஊன்றாமல் எட்டு போட்டேன். கை சிக்னல் எல்லாம் மனப்பாடம். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு, ஒரு பரீட்சைக்கு இப்படித் தயாராக முடிந்ததே என்று உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

ஆறாவதோடு நான் விட்டதை இங்கே சொல்லிவிட வேண்டும். அப்பா சூலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பண்ணையத்துக்கு ஆளாக இருந்தார். தோட்டத்துக்காரரை நாங்கள் பண்ணாடி என்போம். நான் ஆறாவது முடித்த லீவில் பண்ணாடி அப்பாவிடம், "இவன் படிச்சுக் கலெக்டராவா போறான்? கவலை ஓட்ட ஆளில்ல, அனுப்பிவுடு," என்றார். அப்பா மறுநாள் காலையில் என்னைக் கிணற்று மேட்டில் தண்ணீர் இறைக்கிற மாடுகளுக்குப் பின்னால் நிறுத்திவிட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை, என்னிடமும், அவரிடமும்.

பண்ணாடி எதிரே வந்தால் எங்கள் தோளில் துண்டு இருக்கக்கூடாது, காலில் செருப்பு இருக்கக்கூடாது. சைக்கிளில் வந்தால் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். அவர் கடந்து போன பின்னால் ஏறிக்கொள்ளலாம். வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போடப் பழகியபோதே இறங்கி நிற்கவும் பழகினேன். ஓட்டுவதைவிட இறங்குவதுதான் எனக்கு நன்றாக வந்தது.

டெஸ்ட் கோயமுத்தூரில் ஒரு மைதானத்தில் நடந்தது. சுண்ணாம்புப் பொடியில் பெரிய எட்டு போட்டிருந்தார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என் முறை வந்தது. கை சிக்னல் கேட்டார், காட்டினேன். "எட்டு ரெண்டு சுத்து. கால் தரையில பட்டா அவ்வளவுதான்," என்றார்.

முதல் சுற்று முடிந்தது. கோட்டை ஒரு இடத்தில்கூட மிதிக்கவில்லை. இரண்டாவது சுற்றில் பாதி போயிருப்பேன். மைதானத்து வாசலில் கார் ஒன்று வந்து நின்றது. கதவு திறந்தது. பண்ணாடி இறங்கினார். புது டிராக்டருக்குக் காகிதம் வாங்க வந்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

வெள்ளை வேட்டியைப் பார்த்தேன். அடுத்து எனக்கு நினைவிருப்பது, எட்டின் நடுவில் வண்டியைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, ஓரமாக ஒதுங்கப் பார்த்துக்கொண்டு நின்றதுதான். ஒதுங்க அங்கே ஏது ஓரம்?

"கால் ஊனிட்டே. வெளிய வா. அடுத்த ஆளு!"

"சார், அது வந்துங்க..."

"வண்டி நின்னு போச்சா?"

"இல்லீங்க."

"பின்ன எதுக்கு எறங்குனே?"

அதற்கான பதிலைப் பண்ணாடிதான் சொன்னார். "ஏனுங்க இன்ஸ்பெக்டரு, அது நம்ம தோட்டத்துப் பையனுங்க. என்னையக் கண்டு எறங்கிப்போட்டான். மருவாதி தெரிஞ்சவன்."

"மரியாதையை எல்லாம் ரோட்டோட வெச்சுக்கச் சொல்லுங்க. எட்டுக்குள்ள வேண்டாம்," என்றார் இன்ஸ்பெக்டர். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பண்ணாடியும் சிரித்தார். பக்கத்தில் நாற்காலி போட்டார்கள், உட்கார்ந்து டிராக்டர் கதையைப் பேச ஆரம்பித்துவிட்டார். பையன் இன்னொரு சுற்றுப் போகட்டுமே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் இன்ஸ்பெக்டர் கேட்டிருப்பார். அவருக்குத் தோன்றவே இல்லை. அதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. வேண்டுமென்று கெடுத்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும் போல.

வெளியே காத்திருந்த பிட்டர் தலையில் அடித்துக்கொண்டான். "அடப்பாவி, நாளைக்கு மலைப்பாதையில வண்டி ஓட்டறப்ப அந்தாளு வந்தா, பள்ளத்துல எறங்கி நிப்பியா?"

நான் ஊருக்குப் போவதற்கு முன்பே சேதி போயிருந்தது. அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"பண்ணாடி களத்துல நாலு பேரு முன்னால சொன்னாரு கண்ணு. பட்டணம் போயும் உன்ற பையன் மறக்கலையேன்னு."

"நான் தோத்துட்டனுங்கப்பா."

"அது கெடக்குது. அடுத்த மாசம் எடுத்துக்கலாம்."

சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். அடுத்த மாதம் வரை அந்தக் கொட்டகையில் மண்ணைத் தின்னப் போவது நான். மூச்சைப் பிடித்து எண்ணப் போவது நான். அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் மேல் அவ்வளவு ஆத்திரம் இருந்தும், அவர் முன்னால் குரல் எழும்பவில்லை. தட்டைத் தள்ளத்தான் தெரிந்தது.

பிட்டர் ஒரு வழி கண்டுபிடித்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி, மடித்த மேல்துண்டு, கையில் குடையோடு மைதானத்துக்கு வந்துவிட்டான். மீசையில் கரி வேறு தடவியிருந்தான். நான் எட்டு போடும்போது குறுக்கே குறுக்கே நடந்தான்.

"ஏன்டா, என்னையக் கண்டும் மேலயே குந்தியிருக்கறயா? என்ன தைரியம்டா உனக்கு!"

சிரிப்புத்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவன் பிட்டர், நேற்று என்னோடு ஒரே பொட்டலத்தில் கடலை தின்றவன் என்று தெரிந்தும் என் இடது கால் பெடலை விட்டு எழுந்தது. மூன்று தடவை ஊன்றினேன். என் கால் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. கல்லை எடுத்து அதை அடிக்கலாமா என்றுகூட நினைத்தேன்.

"இன்னொரு தடவை எறங்குனீன்னா நானே உன்னைக் கவலை ஓட்டக் கூட்டிட்டுப் போயிருவேன்," என்று கத்தினான் அவன், குடையை ஆட்டிக்கொண்டு.

அது சுட்டது. நேராக அவன் மேலேயே வண்டியை விட்டேன். குடையைப் போட்டுவிட்டு ஓடினான். கால் ஊன்றாமல் ஆறு சுற்றுச் சுற்றினேன். வாயில் வந்ததை எல்லாம் கத்திக்கொண்டு சுற்றினேன். அவன் தூரத்தில் நின்று, "திட்டறது என்னையா, அந்தாளையா?" என்று கேட்டான். எனக்கே தெரியவில்லை.

அடுத்த டெஸ்ட்டில் தேறினேன். வெள்ளை வேட்டி ஒன்றும் அன்றைக்கு வரவில்லை. என் போட்டோ ஒட்டிய சின்னப் புத்தகம் கிடைத்தது. அதை மெழுகுத்துணியில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மைலுக்கு ஒரு தடவை தொட்டுப் பார்ப்பேன். ஈரோட்டு ரோட்டிலும் அவிநாசிப் பக்கமும் டூல்ஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு அலைந்தேன். இரண்டே மாதத்தில் எச்சில் வெள்ளையானது.

ஆனால் எங்கள் ஊருக்கு மட்டும் வண்டியில் போகவில்லை. ஒரு வருஷம் பஸ்ஸில் போய் இறங்கி நடந்தேன். யாரும் தடுக்கவில்லை. நானாகத்தான் போகவில்லை. பண்ணாடி அப்பாவைத் தோட்டத்தை விட்டுப் போகச் சொல்லிவிடுவாரோ என்ற பயம். பிறகு அந்தப் பயத்தின் மேல் கோபம்.

ஒரு நாள் பண்ணாடியின் ஆள் பட்டறைக்கு வந்தார். கிணற்று மோட்டார் நின்றுவிட்டது. மஞ்சளுக்குத் தண்ணீர் இல்லை. ஆள் வர வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் முதலாளியிடம் சொன்னார்: "வண்டியை ஊரு முனையில நிறுத்திப்போட்டு, நடந்து வரச் சொன்னாருங்க. நம்ம பையன்தானுங்களே."

முதலாளி என்னைப் பார்த்தார். "உருட்டிட்டுத்தான் போயேன்ப்பா. என்ன கொறஞ்சு போவுது?"

நான் அவரிடம் நிமிர்ந்து பேசியதே கிடையாது. "ஒருக்கா எறங்குனதுக்கு ஒரு மாசம் மண்ணுத் தின்னேனுங்க. இனி எறங்க மாட்டேனுங்க. வேற ஆளை அனுப்புங்க."

"வேற ஆளுக்கு லைசென்ஸ் எங்க இருக்குது?" என்றார் முதலாளி.

வந்தவர் போய்விட்டார். இரண்டு நாள் நான் நானாக இல்லை. அப்பாவை என்ன சொல்லியிருப்பார்கள், குடிசையைக் காலி பண்ணச் சொல்லியிருப்பார்களா, மோட்டார் கெட்டதற்கு அப்பாவைக் குற்றம் சொல்வார்களா என்று எல்லாவற்றையும் நினைத்தேன். போய்விடலாம், உருட்டிக்கொண்டே போய்விடலாம் என்று இரண்டு தரம் வண்டியை எடுத்து வெளியே விட்டு, திரும்ப உள்ளே கொண்டுவந்து வைத்தேன். மூன்றாம் நாள் அதே ஆள் வந்தார்.

"எப்படியோ வரச் சொன்னாருங்க. மஞ்சக் காயுது."

ஊர்த் தெருவில் வண்டியிலேயே போனேன். பார்த்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். களத்து வாசலில் பண்ணாடி நின்றார். என் இடது கால் பெடல் மேல் நடுங்கியது. இறங்கவில்லை. அவர் மாட்டுக் கொட்டகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை வருஷம் இறங்கி நின்றேன் என்று வயிறு எரிந்தது.

பேரிங் இறுகியிருந்தது. மாற்றினேன். தண்ணீர் வந்தது. மடை திறந்துவிட்ட அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு ஒரு வாரமாகப் பல்வலி, கன்னம் வீங்கியிருந்தது. சூலூரில் டாக்டரிடம் காட்டலாம், ஏறுங்கள் என்றேன்.

"நான் நடந்து வாரேன். நீயும் எறங்கி உருட்டிட்டு வா சாமி. ஊரு தாண்டற வரைக்கும்தான்."

"எறங்க மாட்டேனுங்க. நீங்க ஏறுங்க."

"நான் ஏற மாட்டேன்."

அவர் நடந்தார். நான் முதல் கியரில் அவர் பக்கத்திலேயே ஓட்டினேன். அவர் செருப்பைக் கையில் பிடித்திருந்தார். தெரு முழுக்க அந்த நடைக்குச் சமமாக வண்டியைக் கொண்டுபோனேன். எஞ்சின் கொதித்தது. சீஸ் ஆகி இறுகி நின்றுவிடுமோ என்று பயந்தேன். அத்தனை மெதுவாகப் போயும் என் கால் தரையில் படவில்லை. எட்டு போட்டுப் பழகியது அதற்குத்தான் உதவியது.

கடைசி வீடு தாண்டியதும் அப்பா திரும்பிப் பார்த்தார். தெருவில் யாரும் இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, பின்னால் ஏறி என் சட்டையைப் பிடித்தார்.

"மெதுவாப் போ கண்ணு."

நான் மெதுவாகப் போகவில்லை.