வரைபடத்தின் வலது மூலை

ஓரியண்டியரிங் வரைபடத்தின் வலது கீழ் மூலையில் பொடி எழுத்தில் இரண்டு வரி இருக்கும். படம் வரைந்தவர் யார், ஓட்டப் பாதை வகுத்தவர் யார் என்று. ஓடுகிற பிள்ளைகள் ஒருவரும் அதை வாசிப்பதில்லை. ஆனாலும் எங்கே போட்டி நடந்தாலும் அந்த இரண்டு வரி போடுவதுதான் மரியாதை என்று பயிற்சி முகாமில் சொன்னார்கள். அதில் என் பெயர் வர வேண்டும் என்று ஆசைப்பட்டு ஒரு வருடம் நாயாக அலைந்தேன். அந்த ஆசையைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேறு விஷயம் இருக்கிறது.

நான் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு டீச்சர். கணக்கு டீச்சர் வந்து என் பீரியடைக் கேட்டால் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டு, ஸ்டாஃப் ரூமில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஆள். அதுவரை என் பெயர் அச்சில் வந்தது ரேஷன் கார்டிலும் என் கல்யாணக் கார்டிலும்தான். ஓரியண்டியரிங் என்பது கையில் வரைபடமும் காம்பஸும் வைத்துக்கொண்டு, காட்டிலோ தோட்டத்திலோ கட்டியிருக்கும் கொடிகளை வரிசைப்படி தேடி ஓடும் போட்டி. எங்கள் பக்கத்தில் அதற்கு ஏற்ற வரைபடம் ஒன்றுகூட இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது, நான் வரைகிறேன் என்று கை தூக்கினேன்.

புதுக்கடையிலிருந்து உள்ளே போகும் வழியில் ஒரு ரப்பர் மலை. சனி ஞாயிறு எல்லாம் அங்கேதான். ஒரு விளைக்கும், அதாவது தோட்டத்துக்கும், அடுத்த விளைக்கும் நடுவே மண்ணும் கல்லும் வைத்துக் கட்டிய கய்யாலை எங்கே உயரம், எங்கே இடிந்து கிடக்கிறது, எங்கே ஏறிக் குதிக்கலாம், எல்லாம் படத்தில் வர வேண்டும். ஜிபிஎஸ்ஸும் காகிதமுமாக நான் நடப்பதைப் பார்த்து, ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் கத்தியோடு வந்து நின்றார்.

"நாலுவழிச் சாலைக்கு அளக்க வந்தியளா? எனக்க விளையில கால வைக்கப்பிடாது, கேட்டியளா?"

பிள்ளைகள் ஓடி விளையாடத்தான் என்றேன்.

"ஓடி வெளையாடுகதுக்கு மேப்பு எதுக்கு?" என்றார். வீட்டிலும் அதையேதான் கேட்டார்கள், இவ்வளவு மரியாதையாக இல்லை.

படம் முடிந்ததும் பாதை வகுக்கும் மென்பொருளுக்கு வந்தேன். அதில்தான் எனக்குப் பைத்தியம் பிடித்தது. படத்தைத் திறந்து தொடக்கத்துக்கு ஒரு முக்கோணம் வைக்க வேண்டும். கொடி இருக்கும் இடத்துக்கெல்லாம் ஊதா வட்டம், முடிவுக்கு இரட்டை வட்டம். மென்பொருளே கோடு போட்டு இணைக்கும், எண் போடும், மொத்தம் எவ்வளவு தூரம் என்று சொல்லும். ஒரு வட்டம் ஏதாவது பாறையையோ சுவரையோ மறைத்தால் அந்த இடத்தில் மட்டும் வட்டத்தை வெட்டிவிடலாம். போகக் கூடாத இடத்தின் மேல் குறுக்கும் நெடுக்கும் ஊதாக் கோடு போட்டு அடைக்கலாம். மலையின் கிழக்குச் சரிவில் ஒரு பழைய கல்குவாரிக் குழி கிடந்தது. செடி மூடி, மேலேயிருந்து வருகிறவருக்கு விளிம்பே தெரியாது. முதல் வேலையாக அதன் மேல் கோடு போட்டு அடைத்தேன்.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. போய் நின்று பார்க்காத இடத்தில் வட்டம் போடக்கூடாது. மவுஸுக்குக் கால் வலிக்காது, ஓடுகிற பிள்ளைக்குத்தான் வலிக்கும். நான் போட்ட பதினான்கு வட்டத்திலும் நான் போய் நின்றிருக்கிறேன்.

ஒன்பதாவது வட்டம் குருசடிக்குப் பின்னால் இருந்தது. குருசடி என்றால் வழியோரம் சிலுவை வைத்துக் கட்டிய சின்ன வழிபாட்டிடம். அங்கே ஒரு கொடி கட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. எங்கள் பக்கம் ஒரு கம்பில் துணி பறந்தாலே கட்சிக்கொடியா, சங்கக்கொடியா, கோயில் கொடியா என்று நாலு பேர் கூடிவிடுவார்கள். அதனால் முன்கூட்டியே ஊர்க் கமிட்டிக்காரரைப் போய்ப் பார்த்து, ஆரஞ்சும் வெள்ளையுமான எங்கள் கொடியைக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளையளு ஓடுகதுக்குத்தானே டீச்சர், கெட்டிக்கிடுங்க. திருநாளு கொடியேத்துக அன்னைக்கு மட்டும் வேண்டாம்."

போட்டி அந்த நாளில் இல்லை. காரியம் முடிந்தது என்று நிம்மதியாக வந்துவிட்டேன்.

போட்டியின் ஒருங்கிணைப்பாளர் ஒரு சார். என்னைவிட மூத்த விளையாட்டு ஆசிரியர். எந்த விழா என்றாலும் மேடையில் நடு நாற்காலி அவருக்கு. மலைக்கு ஒரே ஒரு தடவை வந்தார், அதுவும் காரை விட்டு இறங்கவில்லை. அச்சுக்குக் கொடுக்க என் பென் டிரைவை வாங்கிக்கொண்டு வடசேரியில் ஒரு அச்சகத்துக்குப் போனார். அங்கே கம்ப்யூட்டரில் பார்க்கும்போது குருசடி அவர் கண்ணில் பட்டிருக்கிறது. சாரும் கிறிஸ்தவர்தான், ஆனால் வேறு சபைக்காரர். நாம் போய் அங்கே கொடி கட்டினால் ஊர்ச்சண்டையில் முடியும் என்று பயந்துவிட்டார். எனக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும், போடவில்லை. வட்டத்தைப் பிடித்துக் கிழக்கே இழுத்து விட்டார். விட்ட இடத்தில் என் ஊதாக் கோடுகள் கிடந்தன. வட்டம் தெளிவாகத் தெரியவில்லை என்று அவற்றை அழித்தார். வட்டம் விழுந்ததில் குவாரி விளிம்பைக் காட்டும் கறுப்புக் கோடு பாதி மறைந்தது. கொடி கட்டத் தன் ஆட்களை அனுப்பினார். அவர்கள் லாரி போன பழைய தடம் வழியாகக் கீழ்ப்பக்கம் போய், குழிக்குள் கட்டிவிட்டு வந்தார்கள். அச்சகத்தில் வேலை பார்க்கும் பெண் பிறகு சொல்லித்தான் பாதி விவரம் எனக்குத் தெரியும்.

போட்டியன்று காலை தொடக்கக் கோட்டில் என்னை நிறுத்தியிருந்தார்கள். பெண்கள் பிரிவின் வரைபடக் கட்டு என் கைக்கு வந்ததும் ஒன்றை உருவினேன். கண் நேராக வலது மூலைக்குப் போனது. இரண்டு வரியிலும் சாரின் பெயர். வரைந்தவரும் அவர்தான், வகுத்தவரும் அவர்தான். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள். சார் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரே போய்க் கேட்டேன்.

"சார், எனக்க பேரு எங்க?"

"ஒங்களுக்க பேரு இல்லாமலா டீச்சர்? அச்சுக்காரன் விட்டுட்டான். அடுத்த பிரிண்டுல போட்டிருவோம்."

திரும்பி வந்தேன். பத்து நிமிடம் அந்தப் படம் என் கையில் இருந்தது. பத்து நிமிடமும் அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்பதாவது வட்டம் அதிலிருந்து நாலு விரல் தள்ளித்தான் இருந்தது. ஒரு தடவை கண்ணை நகர்த்தியிருந்தால் அங்கேயே போட்டியை நிறுத்தியிருப்பேன். நகர்த்தவில்லை. நேரமானதும் படங்களைக் கொடுத்து விசில் ஊதினேன்.

என் பள்ளியில் பிளஸ் ஒன் படித்த ஒரு பெண்தான் முதலில் போனாள். மீன்காரர் வீட்டுப் பெண், கடற்கரை மணலில் ஓடிப் பழகிய கால். முதல் எட்டுக் கொடியையும் எல்லாருக்கும் முன்னால் தொட்டிருக்கிறாள். ஒன்பதாவதுக்கு மேலேயிருந்து இறங்கியவள் செடி என்று நினைத்துக் காலை வைத்தாள். கீழே இரண்டு ஆள் ஆழம். தொடையெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். இனி ஓட முடியுமா என்று கேட்டேன். "மொதல்ல நடக்கட்டும் டீச்சர்" என்றார் டாக்டர்.

விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். மேசையில் புத்தம்புது வரைபடம். வலது மூலையில், பாதை வகுத்தவர் என்ற இடத்தில் என் பெயர். அடுத்த பிரிண்டில் போடுவேன் என்றார், போட்டுவிட்டார். வாக்குத் தவறாத மனுஷன். எழுத்து அழகாக வந்திருக்கிறது என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு வந்தது. சீ, என்ன பிறவி நான் என்று இருந்தது.

போட்டி முடிந்ததும் ஓடியவர்களிடமிருந்து வாங்கி வைத்த படங்கள் எங்கே என்று கேட்டேன். பழைய பேப்பர்காரனுக்குப் போய்விட்டதாம்.

"இது ஒங்களுக்க பேருதானே?"

"பேரு எனக்க பேருதான். வட்டம் நான் போட்டதில்ல."

எழுதிக்கொண்டிருந்தவர் முதல் பாதியை எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். இனி எந்தப் போட்டிக்கும் நான் பாதை வகுக்கக் கூடாது என்று முடிவானது. ஓடிய பெண்ணும் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார்கள்.

அவளைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். கட்டிலில் கிடந்தவள் தலையணைக்கு அடியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். அன்று ஓடிய படம். விழுந்தபோதும் அதைக் கையிலிருந்து விடவில்லை, ஆம்புலன்சில் யாரும் வாங்கவும் இல்லை. மண்ணும் ரத்தமும் காய்ந்த அந்தத் தாளில் எல்லாம் இருந்தது. வலது மூலையில் சாரின் பெயர், குழியின் மேல் ஒன்பதாவது வட்டம், அழித்த என் கோடுகள் இருந்த இடத்தில் வெறும் வெள்ளை.

"நான் மேப்ப தப்பாவா வாசிச்சேன் டீச்சர்? எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுகாவ."

"இல்ல மக்கா. நீ செரியாத்தான் வாசிச்ச."

"அப்ப இதக் கொண்டுபோய்க் காட்டுங்க."

வாங்கிக்கொண்டு வந்தேன். காட்டினால் சார் தப்ப முடியாது. அடுத்த கேள்வி, இந்தப் படத்தை அவள் கையில் கொடுத்தது யார், கொடுக்கும் முன் பார்க்கவில்லையா என்று வரும். பார்த்தேன், என் பெயரைத் தேடினேன் என்று எந்த வாயால் சொல்வது? மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தான் செய்யும். அந்தத் தாள் என் பீரோவில் கல்யாணக் கார்டோடு கிடக்கிறது.

அவள் இப்போது காலேஜுக்குப் போகிறாள். எங்கே பார்த்தாலும் ஒன்றுதான் கேட்பாள். இன்னும் இல்ல மக்கா என்று ஒவ்வொரு தடவையும் தள்ளிக்கொண்டு வந்தேன். போன வாரம் புதுக்கடை ஜங்ஷனில் எதிரே வந்துவிட்டாள்.

"காட்டினியளா டீச்சர்?"

"காட்டினேன் மக்கா."

"என்ன சொன்னாவ?"

"நீ செரியாத்தான் ஓடுனன்னு சொன்னாவ."

முகமெல்லாம் சிரிப்பாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் அவள் பஸ் வந்துவிட்டது. படியில் ஏற இரண்டு கையாலும் கம்பியைப் பிடிக்க வேண்டியிருந்ததால், என் கையை விட்டாள்.