சொன்னதை எழுதச் சொன்னவர்

"மேடம் போயிட்டாங்கடா" என்று ஆரோக்கியராஜ் போனில் சொன்னபோது, "எங்க போயிட்டாங்க?" என்று கேட்டேன். காலை ஏழரை மணி. பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"விளையாடாதடா. அரசி மேடம். நேத்து சாயங்காலம், வண்டியில போறப்ப."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. முந்தின நாள் ஐந்தேகால் மணிக்கு என் மேசையைக் கடந்துதான் வீட்டுக்குக் கிளம்பினார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு வருஷமாகவே நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

மங்கையர்க்கரசி என்பது முழுப்பெயர். தஞ்சாவூரில் பயிர்க் காப்பீட்டு மனுக்களைச் சரிபார்க்கும் தனியார் அலுவலகம் எங்களுடையது. விவசாயிகள் கொண்டுவரும் சிட்டா, அடங்கல் காகிதங்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. பதினோரு பேர் இருக்கிறோம். அவர் எங்களுக்குப் பொறுப்பாளர். வயது நாற்பத்து மூன்று. வலங்கைமானில் வீடு. அங்கிருந்து பாபநாசம் வரை ஸ்கூட்டி, பிறகு பஸ். திரும்பும்போது அந்த ஸ்கூட்டிதான் சாலையில் காயப்போட்டிருந்த நெல்லில் சறுக்கியது.

யார் மீது கோபப்படுவது என்று தெரியவில்லை. நெல்லைப் பரப்பியவர் மீதா? ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காயவைக்க அவருக்குக் களம் கிடையாது. தார்ச்சாலையைத் தவிர அவருக்கு எந்த இடத்தைக் கொடுத்திருக்கிறோம்? அந்த மனிதர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எழவு வீட்டுக்கே வந்து தெருமுனையில் நின்றார். யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்குமோ என்னவோ.

மேடத்தின் படத்திறப்பன்று வாசிக்க ஒரு கட்டுரை எழுதித் தரும்படி அலுவலகத்தில் என்னைக் கேட்டார்கள். அவர் எனக்கும் ஒரு பெண்ணுக்கும் செய்த காரியம் சரியா, தவறா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அதை மறைத்து எழுதினால் இந்த அஞ்சலி பொய்யாகிவிடும். அதனால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்கள் தலைமை அலுவலகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வருஷத்துக்கு ஒருநாள் ஊழியர்கள் எல்லாரும் சேர்ந்து சமூக சேவை செய்ய வேண்டும். செய்ததைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். நான் சேர்ந்த வருஷம் மரக்கன்று நட்டோம். எல்லாருக்கும் ஒரே நிறத்தில் டி-சர்ட். கன்றைவிட பேனர் பெரிது. மறுவாரமே ஆடுகள் வந்து மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன.

அடுத்த வருஷம் வலங்கைமான் பக்கத்தில் ஒரு வயலில் எங்களை நடவுக்கு இறக்கினார்கள். விவசாயிக்கு உதவியாம். பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு இறங்கினோம். அன்றைக்கு நட வேண்டிய பெண்கள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"சார், நாத்தை நடுறீங்களா, பொதைக்கிறீங்களா?"

"அந்தக் கண்ணாடி போட்ட தம்பியைப் பாரேன், சாமிக்குப் பூ வைக்கிற மாதிரி ஒண்ணொண்ணா வைக்குது!"

"போட்டோ முடிஞ்சா சொல்லுங்க சார், நாங்க எறங்கணும்."

கண்ணாடி போட்ட தம்பி நான்தான். எல்லாரும் சிரித்தோம். அரசி மேடம் மட்டும் சேற்றிலிருந்து கரையேறி அவர்களிடம் போனார்.

"எங்களால உங்களுக்கு வேலை போச்சாங்க?"

"அரை நாள் போச்சும்மா. அதோட நீங்க நட்டதைப் புடுங்கி மறுபடி நடணும். நல்ல மனசோடதான் வந்திருக்கீங்க, என்னத்தச் சொல்ல."

திரும்பும் வேனில் அவர் மேலாளரிடம் நேராகவே சொன்னார்: "நமக்குத் தெரியாத வேலையை இன்னொருத்தர் வயித்துல அடிச்சுச் செய்யறது சேவை இல்ல சார். நமக்கு என்ன தெரியும்? எழுதத் தெரியும். அதைச் செய்வோம்."

அப்படித்தான் எங்கள் அலுவலகத்தின் சனிக்கிழமைக் குழு உருவானது. பார்வையற்ற மாணவர்கள் தேர்வெழுதும்போது ஒருவர் கூட உட்கார்ந்து அவர்கள் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். அரசு அறிவிப்புகளில் இதற்கு 'சொல்வதை எழுதுபவர்' என்று பெயர். கல்லூரிகள் ஆள் கிடைக்காமல் திண்டாடுகிற வேலை. ஏழு பேர் பெயர் கொடுத்தோம். டி-சர்ட் இல்லை, பேனர் இல்லை. தலைமை அலுவலகம் படம் கேட்டபோது, "தேர்வு அறைக்குள்ள போனே கொண்டுபோகக் கூடாதுங்க" என்று பதில் அனுப்பிவிட்டு எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார்.

மதிய உணவு இடைவேளையில் பயிற்சி. அவர் கண்ணை மூடிக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்டபடியே சொல்லுவார். நாங்கள் எழுத வேண்டும். "ஆரோக்கியராஜ், உங்க எழுத்தைப் படிக்கத் தனியா ஒருத்தர் வேணும் போலருக்கே" என்பார். யாரையும் அவர் 'நீ' என்று சொன்னதில்லை, திட்டும்போதும் 'ங்க'தான். ஒருநாள், "காவிரி அரபிக்கடலில் கலக்கிறது" என்று சொன்னார். நான் சிரித்துக்கொண்டே 'வங்காள விரிகுடா' என்று எழுதினேன். கண்ணைத் திறந்து தாளைப் பார்த்தார்.

"நீங்க எழுதினது சரி, பிரபு. ஆனா நான் சொன்னது அது இல்லையே."

பரமேஸ்வரியை எனக்கு ஒதுக்கியது அவர்தான். குடவாசல் பக்கம் ஒரு கிராமம். அப்பா குத்தகைக்கு நிலம் எடுத்து விவசாயம் செய்தார். பரமேஸ்வரிக்கு இளங்கலைப் பொருளாதாரத்தில் கடைசித் தாள் ஒன்று பாக்கி. அதில் தேறினால் பி.எட். இடம் தயாராக இருந்தது. அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். பாடப்புத்தகம் எதுவும் பிரெய்லில் கிடைக்கவில்லை, தோழி ஒருத்தி போனில் படித்துப் பதிவுசெய்து கொடுத்ததைக் கேட்டுத்தான் மூன்று வருஷமும் படித்தேன் என்றார். அதைக் கேட்டதுமே எனக்குச் சுள்ளென்று ஏறியது. அந்தக் கோபத்தோடுதான் பேனாவைத் திறந்தேன்.

முதலில் அவர் 'ஏற்றுமதி' என்ற இடத்தில் 'இறக்குமதி' என்றார். வாய் தவறியது என்று நானே மாற்றி எழுதினேன். கை கூசவில்லை. இந்த நாடு இவருக்கு ஒரு புத்தகம்கூடக் கொடுக்கவில்லை, நான் ஒரு சொல் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. மொத்தம் நாலு இடத்தில் மாற்றினேன். நான் படித்தது கணிதம்தான். ஆனால் விளைச்சல் கூடினால் விலை குறையும் என்பதைத் தெரிந்துகொள்ளப் பொருளாதாரம் படிக்க வேண்டுமா என்ன?

தேர்வு முடிந்து நானும் மேடமும் கல்லூரிக்கு எதிரே டீக்கடையில் நின்றோம். பரமேஸ்வரியும் அம்மாவும் பஸ் ஏறிவிட்டார்கள். நான் மாற்றி எழுதியதைப் பெருமையாகவே அவரிடம் சொன்னேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"எத்தனை இடம்?"

"நாலு."

"அந்தப் பொண்ணு கேட்டுச்சா?"

"இல்ல."

"அதுக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம். தெரிஞ்சா சந்தோஷப்படும்."

நேராகச் சாலையைக் கடந்து கல்லூரிக்குள் போனார். தேர்வு அறைப் பொறுப்பாளரிடம் எல்லாவற்றையும் சொன்னார். தவறு எழுதியவருடையது, அந்த நாலு விடைகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் திருத்துங்கள் என்று கேட்டாராம். விதியில் அப்படி ஒன்று கிடையாது. முழுத்தாளையும் ரத்து செய்தார்கள்.

வெளியே வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. நான் கத்தினேன்: "என்னைப் போட்டுக் குடுத்தா பரவால்ல. அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு? நல்லவங்கன்னு பேர் வாங்க அது வாழ்க்கைதான் கெடைச்சுதா?"

"இப்படி ஆகும்னு எனக்குத் தெரியல, பிரபு" என்றார். "ஆனா அதுக்குத் தெரியாம அது பேர்ல வேற ஒருத்தர் பேச்சு இருக்கக் கூடாதில்ல?"

கேள்வியாகத்தான் கேட்டார். என் பதிலுக்காகக் காத்திருந்த மாதிரிகூட இருந்தது. நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அந்த வருஷம் பரமேஸ்வரியின் பி.எட். இடம் போனது. அடுத்த முறை எங்கள் குழுவிலிருந்து யாரும் வேண்டாம் என்று சொல்லி, வேறு ஆளை வைத்து எழுதித் தேறினார். அதற்குள் அவர் அப்பா குத்தகையை விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். இனிப் படிக்கவைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம்.

நான் குழுவிலிருந்து விலகினேன். மேடத்திடம் சர்வே எண்ணையும் பசலி ஆண்டையும் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. இடையில் மூன்று முறை அவர் என் மேசைக்கு வந்தார். "அந்த நாலு இடம் எது எதுன்னு சொல்றீங்களா?" என்று கேட்டார். கடைசியாகக் கேட்டது இந்தப் பொங்கலுக்கு முன்னால்.

"எதுக்கு மேடம்? அதையும் போய் எழுதிக் குடுக்கவா?"

"இல்ல பிரபு. தேவைப்படுது."

அவ்வளவுதான் சொன்னார். மூன்று முறையும் நான் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து மதியம் உடலைக் கொண்டுவந்தார்கள். வீட்டு வாசலில் பந்தல். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஆரோக்கியராஜிடம் நான் ஏதோ கேட்டேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"பிரபு சார்தானே?"

பரமேஸ்வரி. பக்கத்தில் அவர் அம்மா.

"மூணு மணி நேரம் கேட்ட குரலாச்சே. 'அடுத்து, அடுத்து'ன்னு வெரட்டிக்கிட்டே இருந்தீங்க."

"உங்களுக்கு யாருங்க சொன்னாங்க?"

"அவங்க நம்பர்லேர்ந்தே போன் வந்துச்சு. எனக்கு இப்ப ஒரு ஆஸ்பத்திரில போன் எடுக்கறதுதான் வேலை. ஆனா அவங்க போனை மட்டும் எடுக்க மாட்டேன். மாசம் ஒரு தடவை அடிப்பாங்க, விட்டுடுவேன். இன்னிக்குக் காலையில ஏன் எடுத்தேன்னு தெரியல. அவங்க வீட்டுக்காரர் பேசினார்."

"இன்னும் கோவமா இருக்கீங்களா?"

"இருக்கு. செத்துட்டாங்கன்ன உடனே போயிடுமா?"

"எழவு வீட்டுல பேசற பேச்சாடி இது?" என்று அம்மா அவர் கையைக் கிள்ளினார்.

பரமேஸ்வரி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மொதல்ல ரெண்டு தடவை எடுத்தேன். நாலு இடத்துல மாத்திட்டாங்கன்னு எல்லாரும் சொல்றீங்க, எது எதுன்னு கேட்டுச் சொல்லுங்க மேடம்னேன். கேக்கறேன்னாங்க. மறுமாசம் இன்னும் தெரியலன்னாங்க. அதோட எடுக்கறதை விட்டுட்டேன். என் பேப்பருல என்ன இருந்துச்சுன்னு எனக்கே தெரியலன்னா எப்படி சார்?"

அவருக்காகத்தான் மேடம் கேட்டிருக்கிறார். ஏன் அதை என்னிடம் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே கொடுத்திருப்பேனே. கொடுத்திருப்பேனா? தெரியவில்லை. நின்ற இடத்திலேயே நினைவுபடுத்திச் சொல்ல ஆரம்பித்தேன்.

ஏற்றுமதி, இறக்குமதி. "அது வாய் தவறினதுதான்" என்று லேசாகச் சிரித்தார்.

நாட்டு வருமானம், தலா வருமானம். "அது நெசமாவே எனக்குத் தெரியாது சார். தப்பாத்தான் படிச்சிருக்கேன்."

விளைச்சல் கூடினால் விலை கூடும் என்றீர்கள், குறையும் என்று எழுதினேன் என்றேன். அவர் சிரிப்பு நின்றது.

"கூடினால்னு நான் சொல்லல. கூடினாலும்னு சொன்னேன். எங்கப்பாவுக்கு நல்லா வெளஞ்ச வருஷம் எங்ககிட்ட நெல்லு எடுத்த வெல எறங்குச்சு. அதே வருஷம் கடைல நாங்க வாங்குன அரிசி வெல ஏறுச்சு. வெளைச்சல் கூடினாலும் வெல கூடும். அதுக்கு அப்புறம் அதை விளக்கி ரெண்டு வரி சொன்னேனே, அதை என்ன பண்ணீங்க?"

அந்த இரண்டு வரியும் பொருந்தவில்லை என்று நான் எழுதாமல் விட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. விவசாயிக்காக ஊரெல்லாம் சண்டை போடுகிறவன் நான். ஒரு விவசாயியின் மகள் அந்தச் சண்டையைப் பரீட்சைத் தாளில் போட்டபோது, ஒரு 'உம்'மை விழுங்கி அதை ஒன்றுமில்லாமல் ஆக்கியிருக்கிறேன்.

அப்படியானால் மேடம் செய்தது சரியா? அதையும் சொல்ல முடியவில்லை. அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பரமேஸ்வரி இன்று ஏதாவது ஒரு பள்ளியில் கரும்பலகைக்கு முன்னால் நின்றிருப்பார். அந்த 'உம்' போனது அவருக்குத் தெரிந்தே இருக்காது. அது நல்லதா? அதற்கு மதிப்பெண் விழுந்திருக்கும் என்பதும் நிச்சயமில்லை. திருத்துகிறவரும் என்னைப் போன்ற ஆளாக இருந்திருக்கலாம். எந்தப் பக்கம் போனாலும் முட்டுகிறது.

"நாலாவது?" என்று கேட்டார்.

யோசித்தேன். வரவில்லை.

கோடித் துணி போடுவதற்காகப் பெட்டியைத் திறந்தார்கள். பரமேஸ்வரி முன்னால் நகர்ந்து, "முகத்தைத் தொட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டார். ஒரு அம்மாள், "வேண்டாம்மா, தலையில கட்டு போட்டிருக்கு" என்றார். மேடத்தின் கணவர்தான் பரமேஸ்வரியின் கையைப் பிடித்து மெதுவாக முகத்தில் வைத்தார். விரல்கள் நெற்றி, புருவம் என்று இறங்கி மூக்கின் இடது பக்கத்தில் நின்றன.

"மூக்குத்தி போட்டிருந்தாங்களா?"

"ஆமா. ஆஸ்பத்திரில கழட்டிட்டாங்க" என்றேன்.

"அப்படியா? போட்டிருப்பாங்கன்னு நான் நெனைக்கவே இல்ல" என்றார். அதற்குப் பிறகும் விரலை எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் நேரமாகிறது என்றார்கள். அம்மா வந்து தோளைத் தொடும்வரை அப்படியே நின்றார்.

மேடம், நீங்கள் முதல் முறை கேட்டபோதே சொல்லியிருந்தால் நாலும் நினைவில் இருந்திருக்கும். உங்கள் மீதுள்ள கோபம் எனக்கும் முழுதாகப் போகவில்லை. அதையும் வைத்துக்கொண்டுதான் உங்களை வணங்குகிறேன். போய் வாருங்கள். பரமேஸ்வரியின் எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன். நாலாவது இடம் நினைவுக்கு வருகிற அன்று அழைப்பேன். எடுப்பாரா என்று தெரியாது.