பூட்டக்காவின் தங்கை

அவள் சிறைக் காவலராக வேலைக்குச் சேர்ந்தபோது பெண்கள் சிறை என்று தனியாக எதுவும் கிடையாது. ஆண்கள் சிறையின் பின்பக்கம், சமையற்கூடத்தை ஒட்டி ஒரே ஒரு நீள அறை. உள்ளே ஏழெட்டுப் பெண்கள். பெரும்பாலும் புருஷனைக் கொன்றுவிட்டு வந்தவர்கள். பார்த்தால் அப்படித் தெரியாது. கதவைப் பூட்டிய பிறகும் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பாள். அதனால் கைதிகள் அவளுக்கு வைத்த பெயர் பூட்டக்கா. மத்தியானங்களில் அவர்களிடமே தலை பின்னிக்கொள்வாள்.

பிறகு சட்டம் மாறியது. எந்த வீட்டில் போதைப் பொட்டலம் சிக்கினாலும், அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் உள்ளே. வேன் வேனாகப் பெண்கள் வந்து இறங்கினார்கள்.

"ஏண்டி, உங்க வீட்டு ஆம்பளைங்க எல்லாம் எங்க போனாங்க?" என்று ஒருத்தியைக் கேட்டாள்.

"அவங்க சுவரேறிக் குதிச்சுட்டாங்கக்கா. எங்களுக்கு அடுப்புல உலை கொதிச்சுட்டு இருந்துச்சு."

அறையே சிரித்தது. அந்த அறை போதாமல் இரண்டு மாடிக் கட்டடம் கட்டினார்கள். வெள்ளையடித்த வாசம் போவதற்குள் அதுவும் நிரம்பியது. ஒருக்களித்துத்தான் படுக்க முடியும். ஒருத்தி புரண்டால் வரிசையே புரள வேண்டும். முன்பு எல்லோருடைய பிள்ளைகளின் பெயரும் பூட்டக்காவுக்குத் தெரியும். இப்போது கைதிகளின் முகமே மனசில் நிற்கவில்லை.

ஒருநாள் சாயங்கால வேனிலிருந்து அவள் தங்கை இறங்கினாள். ஏழு மாத வயிறு.

அம்மா போன பிறகு பூட்டக்காதான் தூக்கி வளர்த்தாள். வெல்டிங் பட்டறைக்காரன் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்ததும் அவள்தான். அவன் பரணில் ஒளித்து வைத்த பொட்டலம் அகப்பட்டபோது அவன் வீட்டில் இல்லை.

சோதனை அறையில் பூட்டக்காவைக் கண்டதும் தங்கைக்கு உயிர் வந்தது. "அக்கா" என்று ஓடி வந்தாள். வாசலில் நின்ற சூப்பிரண்டு அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்குத் தெரிஞ்சவளா?"

சொந்தக்காரி உள்ளே இருந்தால் காவலரை எங்கோ தொலைதூரத்துக்குத் தூக்கிப் போடுவார்கள். வேலையே கையை விட்டுப் போனாலும் போகும்.

"இல்ல மேடம். இங்க எல்லாரும் என்னை அக்கான்னுதான் கூப்பிடுவாங்க."

தங்கை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, யாரும் சொல்லாமலே சேலையை அவிழ்த்தாள். குனியச் சொன்னபோது குனிந்தாள். இருமச் சொன்னபோது இருமினாள். உடுத்திக்கொண்டு, "முடிஞ்சுதா மேடம்?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து மேடம்தான். சிறை முழுக்க அக்கா என்று அழைக்க, கூடப்பிறந்தவள் மட்டும் மேடம் என்றாள். பூட்டக்கா ஒளித்துக் கொண்டுவந்த பழத்தை வாங்கி, எதிரிலேயே பக்கத்தில் இருந்தவளுக்குக் கொடுத்தாள்.

பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும் பூட்டக்காதான். தங்கையின் கால் கட்டிலோடு சங்கிலியில் கிடந்தது.

"கழட்டும்மா, நான் பிரசவம் பாக்கணுமா வேண்டாமா?" என்று நர்ஸ் கத்தினாள்.

சாவி பூட்டக்காவின் இடுப்பில் இருந்தது. போன மாதம்தான் ஒரு கைதி இதே வார்டிலிருந்து ஓடிப்போய், கூட வந்த காவலருக்கு வேலை போயிருந்தது.

"கழட்டுங்க மேடம்... கால் எரியுது மேடம்..."

பூட்டக்கா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். பெண் குழந்தை பிறந்தது. தங்கையின் கணுக்காலில் சதை கிழிந்திருந்தது. நர்ஸ் தையல் போடும்போது பூட்டக்கா விளக்கைப் பிடித்தாள்.

குழந்தை நடக்கப் பழகியதும் வெளியே அனுப்பிவிட வேண்டும் என்பது விதி. "எடுத்துக்க சொந்தம் யாராவது இருக்காங்களா?" என்று பூட்டக்காவின் எதிரிலேயே சூப்பிரண்டு தங்கையைக் கேட்டாள். உண்மை பூட்டக்காவின் நாக்கு நுனி வரை வந்தது. இப்போது சொன்னால் அன்று சொன்ன பொய்யையும் சொல்ல வேண்டும்.

தங்கை அவளை ஏறிட்டுப் பார்த்தாள். நேரம் கொடுத்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "யாரும் இல்ல."

குழந்தையைத் தூக்கிப்போய் குழந்தைகள் விடுதியின் வண்டியில் ஏற்றும் வேலை பூட்டக்காவுக்கே வந்தது. அது அவள் சட்டைப் பொத்தானை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்தாள்.

சில வருஷங்கள் கழித்து, பொட்டலத்துக்கும் தங்கைக்கும் சம்பந்தம் நிரூபணமாகவில்லை என்று கோர்ட் அவளை விடுவித்தது. பட்டறைக்காரன் அதற்குள் வேறு ஊரில் வேறு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தான். குழந்தையை யாரோ தத்தெடுத்துப் போயிருந்தார்கள். எங்கே என்று சொல்லச் சட்டத்தில் இடமில்லை.

வாசல்வரை பூட்டக்கா கூட நடந்தாள். "வீட்டுக்கு வாடி. நான் தனியாத்தான் கிடக்கேன்."

"தள்ளுங்க மேடம், வேனுக்கு வழி விடணும்."

உண்மைதான். வெளியே வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. தங்கை அதன் ஓரமாக ஒடுங்கி வெளியேறினாள். வேன் உள்ளே வந்தது. இறங்கிய பெண்களைப் பூட்டக்கா சோதனை அறை வாசலில் வரிசையாக நிறுத்தினாள். வரிசை வாசல் கேட்டைத் தொட்டது.