என் முகத்தை மறக்க வேண்டியவர்கள்

கீமோ வார்டு நர்ஸுக்கு ஊசி போடுவது சின்ன வேலை. பிரியம் வைத்த நோயாளியை மறுபடி பார்க்க ஆசைப்படாமல் இருப்பதுதான் பெரிய வேலை. யூனிஃபார்மைப் பையில் சுருட்டிக்கொண்டு பஸ்ஸில் நசுங்கும் சகோதரிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தாராவியிலிருந்து செம்பூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் நான், மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லி வைக்கிறேன்.

மழை விசாரணை

மருந்து ஏற ஏறக் கை நரம்புகள் ஒளிந்துகொள்ளும். ஆள் பயந்தால் இன்னும் உள்ளே போகும். அதனால் வெந்நீர்ப் பையைக் கைமேல் வைத்துவிட்டு ஊர்க்கதை கேட்பேன். தாராவியில் இட்லிக் கடை வைத்திருந்த தங்கராஜ் அண்ணாச்சிக்கும் எங்கள் குடும்பத்தைப் போலத் திருநெல்வேலிப் பக்கம்தான். "ஊர்ல மழை உண்டுமா அண்ணாச்சி?" என்று எடுத்துக்கொடுத்தால் போதும், குளம் பெருகினது, கிணறு ஊறினது என்று போய்க்கொண்டே இருப்பார். அந்த நேரத்தில் ஊசி உள்ளே போயிருக்கும்.

என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் நான் வாயைத் திறந்ததுமே கையை இழுத்துக்கொண்டார். "எம்மா, நீ மழைய கேட்டாலே ஊசி வருதுன்னு வெளங்கிருது. நேத்து தம்பி ஊர்லேருந்து போன்ல மழை பெய்யுதுன்னான், எனக்கு இங்க கை வலிச்சிட்டுல்லா."

தலையில் பூ

கல்யாண நாளன்று வீட்டுக்காரர் மல்லிகைச் சரம் வாங்கி வந்தார். ஆசையாக வைத்துக்கொண்டு டூட்டிக்குப் போனேன். கீமோ எடுப்பவர்களுக்கு வாசனை என்றாலே ஆகாது என்று படித்தவள்தான். இத்தனூண்டு பூ என்ன செய்துவிடப் போகிறது என்ற நினைப்பு. முதல் வரிசையைத் தாண்டுவதற்குள் இரண்டு பேர் வாந்தி எடுத்துவிட்டார்கள்.

ஹெட் நர்ஸ் சுஷ்மா மேடம் மராட்டிக்காரர். சரத்தைக் கழற்றி பிளாஸ்டிக் கவரில் போட்டு, இறுக முடிச்சுப் போட்டு என் கையில் கொடுத்தார். இங்கே பூ கூடாது என்றார். தனக்கும் ஆசை உண்டு என்பதைக்கூடக் கண்டிப்பான குரலில்தான் சொன்னார். "இதர் ஃபூல் நஹி, கிரேஸ். மேரா பீ மன் கர்த்தா ஹை."

ஜன்னலோர நாற்காலி

லலிதா மாமி மாட்டுங்காவாசி. பாலக்காட்டுக் குடும்பம், பேங்க்கில் இருந்து ரிடையர் ஆனவர். மற்ற நோயாளிகளுக்கு நான் சிஸ்டர். மாமிக்கு மட்டும் கிரேஸ். மருந்து சொட்டி முடிகிற வரைக்கும் ஏ.சி.யைத் திட்டுவார், மாப்பிள்ளையைத் திட்டுவார், ஃப்ளாட் சொசைட்டி செக்ரட்டரியைத் திட்டுவார். நான் லீவு என்றால் கையை நீட்டவே மாட்டாராம். எனக்கு அம்மா போய் வெகுநாளாகிறது. மாமிக்கு மருந்து நாள் என்றால் எனக்கு வேலைக்குப் போகவே பிடிக்கும். வந்தவருக்கு உடம்பு படுத்துகிற நாள் அது; எனக்கோ பண்டிகை. என்ன பிறவியோ நான்.

எங்கள் வார்டில் கடைசி மருந்து முடிந்தவரை "போயிட்டு வாங்க" என்று அனுப்ப மாட்டோம். "நல்லா இருங்க" என்போம், அவ்வளவுதான். அதையே மாமியிடமும் சொன்னேன். மாமி என் கன்னத்தைத் தட்டினார். "உன் மூஞ்சிய இனிமே பாக்கவே கூடாதுன்னு குருவாயூரப்பன வேண்டிண்டிருக்கேன். தப்பா எடுத்துக்காதே, கிரேஸ்."

மார்க்கெட்டில் ஒரு சாயங்காலம்

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஏக்கம் சொன்ன பேச்சு கேட்குமா? மாமி பிழைத்தாரா, முடி வளர்ந்ததா என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும். தாதரில் காய்கறி சல்லிசாகக் கிடைத்தாலும் மாட்டுங்கா மார்க்கெட்டுக்கே போய் வந்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும், ஒரு சாயங்காலம் வாழையிலைக் கடையில் மாமி நின்றுகொண்டிருந்தார். தலை நிறைய நரைத்த சுருட்டை முடி. கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். கடவுளே, நன்றாக இருந்தார்.

யோசிக்காமல் எதிரே போய் நின்றுவிட்டேன். மாமியும் சிரிக்கத்தான் ஆரம்பித்தார். உடனே வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் குனிந்தார். மருந்து நின்றாலும், அதைக் கொடுத்தவளைப் பார்த்தால் வயிறு புரட்டும்; சிலருக்கு வருஷக்கணக்கில் இருக்கும். பாடமாகத் தெரிந்த விஷயம், பார்த்தபோது நெஞ்சு தாங்கவில்லை. திரும்பி நடந்தேன். நாலு கடை தாண்டுவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. "கிரேஸ், நில்லு. திரும்பாதே."

நின்றேன். முதுகுக்குப் பின்னால் மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு தோளில் ஒரு கை விழுந்தது. முருங்கைக்காய்க் குவியலைப் பார்த்தபடி நான் அழுதேன். மாமி என் பின்னலோடு பேசினார். "ஸ்கேன் எல்லாம் க்ளீன்டி. நன்னா இருக்கேன். நீதான் இளைச்சுட்டே, பின்னாலேருந்தே தெரியறது."

ஆகவே சகோதரிகளே, நாம் ஒழுங்காக வேலை பார்த்தோம் என்பதற்கு அத்தாட்சி, நம்மைக் கண்டதும் குமட்டுகிற நாலு பேர் இந்த ஊரில் காய்கறிக்குப் பேரம் பேசிக்கொண்டிருப்பதுதான்.