விருத்தாம்பாளும் லிமிடெட் உப்பும்

விருத்தாம்பாள் உப்புப் பாத்தித் தண்ணியில் ஒரு விரலைத் தொட்டு நாக்கில் வைப்பாள். துப்புவாள். 'இரு' என்றால் தண்ணி இருக்கணும். 'தொற' என்றால் அப்போதே மடையைத் திறக்கணும். உப்பு விளைந்த பிறகு மிஞ்சுகிற தண்ணி நாளாக நாளாகக் கசக்கும். அந்தக் கசப்பு தலைகாட்டும்போதே அதை வடித்துவிட்டு உப்பை வாரிவிட வேண்டும். ஒரு நாள் தப்பினால் உப்பே கசந்துவிடும். வியாபாரி வாயில் போட்டுப் பார்த்துவிட்டு வெறும் லாரியோடு திரும்பிப் போவான்.

நான் அப்பாதுரை. மரக்காணம் உப்பளத்தில் தலைச்சுமையாக உப்பு தூக்கியவன். ரெண்டாங்கிளாஸ் தாண்டவில்லை. இன்றைக்குப் பத்துப் பாத்தி என் பேரில் இருக்கிறது, எவன் கையையும் பிடித்து மேலே வரவில்லை. ஆளைப் பார்த்தே வேலையைச் சொல்லிவிடுவேன். புருஷன் செத்த மூணாம் மாசம் வேலை கேட்டு வந்து நின்ற இந்தப் பொம்பளையின் நாக்கைக் கண்டுபிடித்தவனும் நான்தான். சுனாமிக்கும் இருபது வருஷம் முந்தின கதை அது.

2004 கடைசியில் கடல் உள்ளே வந்துபோனது. பாத்தி பூராவும் கறுப்புச் சேறு. பங்குனி வரைக்கும் வாரி வாரிக் கொட்டினோம். தண்ணியின் கெட்டி பார்க்கிற கண்ணாடிக் குழாய் ஒன்று என்னிடம் உண்டு. சேறு கலங்கிய தண்ணியில் அது நாளுக்கு ஒரு கணக்குக் காட்டியது. அந்தக் கோடைக்கு அவள் நாக்கை விட்டால் எனக்கு வேறு கதியில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஊரில் மருத்துவ முகாம் போட்டார்கள். விருத்தாம்பாளுக்கு பிரஷர் அதிகம் என்று மாத்திரை கொடுத்து, சீட்டில் இங்கிலீஷில் 'சால்ட் லிமிடெட்' என்றும் எழுதிவிட்டார்கள்.

மறுநாள் அவள் வரவில்லை. அவள் மகள் பூவிழி சீட்டோடு வந்தாள். பன்னிரண்டாவது படித்த பெண். அம்மா இனிமேல் அளத்துக்கு வராது என்றாள். நாக்கில் வைக்கிறது மட்டுமா, பகலெல்லாம் உப்புத் தண்ணியில் நிற்கிறதே, கால் வழியாகவும் ஏறுமே என்று கேட்டாள். அளத்துக்காரர்கள் எல்லாரும் நம்புகிற விஷயம்தான் அது. நான் சிரித்தேன். சிரித்துவிட்டு என் காலையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டேன்.

லிமிடெட் என்றால் எனக்குத் தெரியாதா? திண்டிவனத்திலிருந்து பாண்டி போகிற லிமிடெட் பஸ் ஒவ்வொரு ஊரிலும் நிற்காது, ஆனால் கிளியனூரில் நிற்கும். ஓட்டலில் லிமிடெட் சாப்பாடு வாங்கினால் சோறு ஒரு தரம் போடுவான், மறு சோறு இல்லை. ஆக, லிமிடெட் என்றால் அடியோடு கூடாது என்று அர்த்தம் இல்லை, அளவோடு என்றுதான் அர்த்தம். இதையெல்லாம் அந்தப் பெண்ணுக்கு விளக்கிச் சொன்னேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். "அளவு இருக்குதுன்னுதான் மாமா எழுதியிருக்காங்க. எவ்ளோன்னு எழுதல. எழுதாத அளவ நீங்க எப்படிச் சொல்லுவீங்க?"

சீட்டை மடித்துக்கொண்டு அவள் போய்விட்டாள்.

பாத்தியில் உப்பு விளைய ஆரம்பித்திருந்தது, கசப்பு எந்த நாள் ஏறும் என்று சொல்ல ஆள் இல்லை. எட்டு நாள் நான் ஒரு இடத்தில் உட்காரவில்லை. வரப்பு மேலேயே நடந்தேன். கடல் பக்கம் மேகம் ஏறுவதும் கலைவதுமாக இருந்தது. மழை விழுந்தால் விளைந்த உப்பெல்லாம் கரைந்துபோகும். நானே விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். வெற்றிலை போட்டுப் போட்டு மரத்த நாக்கு, பத்துப் பாத்தியும் ஒரே ருசி. எல்லா வேலையும் தெரிந்தவன் நான், இது மட்டும் வரவில்லை. வீட்டில் எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன்.

ஒன்பதாம் நாள் காலை அவளே வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். பின்னாலேயே பூவிழி, அம்மா கால் கழுவ நல்ல தண்ணிக் குடத்தோடு.

"டாக்டரு குடுத்த அளவ வூட்டுல நான் தொடலண்ணே. கஞ்சியில உப்பு இல்ல, கருவாடு இல்ல. அந்த அளவ இங்க எடுத்துக்கறேன்" என்றாள்.

முதல் பாத்தி, இரு. ரெண்டாவது, தொற. மூணாவது, தொற. நான் நாலாவது வரப்புக்குப் போய் நின்றேன். அவள் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஏழு கெடக்குதும்மா."

"இன்னிக்கி மூணுதான்."

"மேகத்தப் பாரு."

"அளவுன்னு ஒண்ணு வெச்சா அது ஒனக்கும்தாண்ணே."

என்னை இப்படி யாரும் பேசினது கிடையாது. வேறு ஆளாக இருந்தால் அன்றைக்கே கூலியைக் கொடுத்து அனுப்பியிருப்பேன். ஆட்களை இறக்கி, அவள் 'தொற' சொன்ன ரெண்டு பாத்தியையும் வாரினேன். மழை வரவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு மூணு என்ற அவள் முறைப்படி கடைசிப் பாத்திக்கு வந்து சேர்வதற்குள் ரெண்டு பாத்தி கசந்து, அந்த உப்பை ஓடையோரம் கொட்டினேன்.

அடுத்த வாரம் அம்மாவையும் மகளையும் நானே திண்டிவனம் கூட்டிப்போய் ஒரு டாக்டரிடம் உட்காரவைத்தேன். எவ்வளவு என்று நம்பரில் சொல்லுங்கள் என்றேன். ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குக் கீழே, கருவாடும் ஊறுகாயும் வேண்டாம் என்றார். கால் வழியாக ஒன்றும் ஏறாது, தொட்டுத் துப்புகிறது கணக்கிலேயே வராது, பத்துப் பாத்தியும் பார்க்கலாம் என்றார். எனக்கு உயிர் வந்தது. பஸ்ஸில் ஏறியதுமே, அப்போ நாளையிலிருந்து பத்தும் பார்த்துவிடலாம் என்றேன்.

விருத்தாம்பாள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மூணுக்கு மேல போனா நாக்கு மரத்துப்போவுதுண்ணே. நாலாவதுலேருந்து ஒரு குத்துமதிப்பாத்தான் சொல்லிக்கினு இருந்தேன். இத்தினி வருசமும்."

இருபது வருஷம். எத்தனை லாரி திரும்பிப் போயிருக்கிறது, எத்தனை ஆளை நான் ஏசியிருக்கிறேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ என் நாக்கைப் பற்றி ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்தாய், எப்படிச் சொல்வது என்றாள்.

இப்போது பாத்திகளுக்கு நாள் விட்டு நாள் தண்ணி கட்டுகிறேன், ஒரு நாளைக்கு மூணுக்கு மேல் பக்குவத்துக்கு வராத மாதிரி. மற்ற அளத்தில் எல்லாம் ஒரே மூச்சில் வாரி முடித்துவிடுகிறார்கள். நான் நாலாவது பாத்தி ஓரத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அவள் காலைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள்.