குவாரி வெடி என்று சொல்லச் சொன்னார்கள்

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லம் வெம்பக்கோட்டை ரோட்டில் இருக்கிறது. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, சோறு ஊட்டுவது என் வேலை. காலை ஏழு மணிக்கு உள்ளே நுழைந்ததும் எங்கள் போன்களை வாங்கி ஆபீஸ் அறையில் ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். சாயங்காலம்தான் கைக்கு வரும். போன் இருந்தால் பெரியவர்களைக் கவனிக்க மாட்டோமாம்.

இன்னொரு உத்தரவும் இருந்தது. சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகள். ஏதாவது ஒன்றில் வெடித்துத் தூரத்தில் சத்தம் கேட்டால், கல்குவாரியில் வெடி வைக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். முகத்தில் எதையும் காட்டக் கூடாது. பெரியவர்கள் மனசு கலங்கிவிடக் கூடாது. எங்கள் மனசைப் பற்றி அந்த உத்தரவில் ஒன்றும் இல்லை. அதைத் தேற்ற ஒரு நாள் மதுரையிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். அவர் எங்களை வட்டமாக உட்காரவைத்து மூச்சை இழுத்து விடச் சொன்னார். துணி துவைக்கிற நேரம் போனதுதான் மிச்சம்.

என் மகள் தாயில்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறாள். அங்கேயும் போனை உள்ளே கொண்டுபோக முடியாது. அதனால் கம்பெனி வாசலுக்கு எதிரே இருக்கும் டீக்கடை நம்பரை நான் வைத்திருக்கிறேன். இந்தப் பக்கத்தில் பிள்ளையைக் கம்பெனிக்கு அனுப்பும் எல்லாத் தாயும் அப்படி ஒரு நம்பர் வைத்திருப்பாள்.

அன்றைக்குப் பகல் சாப்பாட்டு நேரம். கூடத்தில் ஆச்சிக்கு ரசம் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். ஆச்சி ஒரு காலத்தில் பட்டாசு முதலாளி வீட்டம்மா. வாதம் வந்து ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் மட்டும் விழவில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிறகு சத்தம். தொடர்ந்து இன்னும் இரண்டு. தாயில்பட்டித் திசை.

கரண்டியோடு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். ரசம் ஆச்சி தாடையில் வழிந்தது.

"குவாரி வெடி, ஆச்சி" என்றேன்.

"யாருகிட்ட கதை விடுற? எனக்குத் தெரியாத சத்தமா? அங்கன உனக்கு யாரு இருக்கா?"

"மக இருக்கா."

"அப்ப போனப் போடு."

போன் பெட்டியில் கிடக்கிறது, சாவி மேனேஜரம்மாவிடம், அவர் சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் மீட்டிங்குக்குப் போயிருக்கிறார் என்று சொன்னேன்.

ஆச்சி நல்ல கையால் தாடையைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"சத்தம் கேட்டா எங்க வீட்டுல முத வேலையா போன் ரிசீவர எடுத்துக் கீழ வச்சிருவோம். வேலைக்கு வந்தவுக வீட்டுலருந்து கூப்புடுவாகள்ல. நானே வச்சிருக்கேன், என் கையால."

வேறு நேரமாக இருந்தால் தட்டை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். அன்றைக்கு அதற்கும் தெம்பில்லை. என் மகள் கருகிக் கிடப்பது மட்டும்தான் கண்ணுக்குள் நின்றது.

ஆச்சி நல்ல கையால் எவர்சில்வர் டம்ளரை எடுத்து மேசையில் அடிக்க ஆரம்பித்தார். பெட்டியைத் திறக்கும்வரை தனக்குச் சோறு வேண்டாம் என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்தவர் ரிட்டயர்டு வாத்தியார். ஆச்சியோடு தினமும் சண்டை போடுகிறவர். அவரும் தட்டைத் தள்ளிவைத்தார்.

"இந்தம்மா சொல்லி நான் கேக்குறது இதுதான் முத தடவ" என்றார்.

ஒவ்வொருவராக டம்ளரை எடுத்தார்கள். நர்ஸ் ஓடி வந்து, மேனேஜரம்மா வரட்டும், பூட்டில் கை வைத்தால் எல்லோருக்கும் வேலை போய்விடும் என்று கெஞ்சினாள். அவளுக்கும் பயம்தான், வேலை போகுமென்றும், கம்பெனிக்குப் போயிருக்கும் அண்ணனுக்கு என்ன ஆச்சோ என்றும். நான் அடுப்படிக்குப் போய் அம்மிக்குழவியைத் தூக்கி வந்து பூட்டை உடைத்தேன். மூன்று போடு போட வேண்டியிருந்தது.

என் போனில் டீக்கடை நம்பரிலிருந்து வரிசையாக அழைப்புகள் வந்து கிடந்தன. திருப்பிக் கூப்பிட்டேன். மகள்தான் எடுத்தாள். அடுத்த கம்பெனியில் வெடித்ததாம். இவர்களை வெளியே துரத்திவிட்டார்களாம்.

"எம்புட்டு நேரமா கூப்புடுறேன்? எங்கன போய்த் தொலஞ்ச?" என்று கத்தினாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்களோடு கூட்டித் துடைக்கிற பெண்ணின் போனிலும் அழைப்புகள் கிடந்தன. அவள் மாமியார் கூப்பிட்டிருந்தார். அவள் புருஷன் வெடித்த அந்தக் கம்பெனியில் இருந்தான். ஆஸ்பத்திரிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது உயிர் இருந்தது, பேச்சு நின்றிருந்தது. வெடித்த இடத்திலிருந்து தூக்கி வந்தபோது அவள் பேரைச் சொல்லிக் கேட்டானாம். அவன் கேட்ட நேரத்தில் அவள் இங்கே வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பூட்டை உடைத்ததற்கு எனக்கு மெமோ கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டேன். ஒரு வாரத்தில் பெட்டியை எடுத்துவிட்டார்கள். எங்களுக்காக இல்லை. ஆச்சி தன் மகனிடம் சொல்லிவிட்டார், அவர் மேலே பேசினார். இப்போது சத்தம் கேட்டால் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு முதலில் போன் போடலாம். குவாரி என்று யாரும் பொய் சொல்ல வேண்டாம். இவ்வளவுதான் மாற்றம். இதற்கு ஒருத்தி தாலியை இழக்க வேண்டியிருந்தது.

மகள் திரும்பவும் வேலைக்குப் போகிறாள். வேண்டாம் என்றால், பிறகு எங்கே போகட்டும் என்கிறாள். சோற்றுத் தூக்கைக் கட்டிக் கொடுத்து அனுப்புகிறேன். கதவு வேகமாகச் சாத்தினால்கூட கை போனைத் தேடுகிறது.

போன வாரம் மறுபடியும் சத்தம் கேட்டது. டீக்கடைக்குப் போட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன். கூடத்தில் யாரும் தட்டில் கை வைக்கவில்லை. ஆச்சி வாயை இறுக்கி மூடிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது தடவை கடைக்காரர் எடுத்தார். இந்தப் பக்கம் ஒன்றும் இல்லை என்றார்.

ஒன்றுமில்லை என்று ஆச்சியிடம் தலையை ஆட்டினேன்.

"மத்தவளுகளுக்கு?" என்றார்.

நர்ஸ் இன்னும் காதில் போனை வைத்துக்கொண்டு நின்றாள். அவளும் பேசி முடித்த பிறகுதான் நான் நீட்டிய கரண்டிக்கு ஆச்சி வாயைத் திறந்தார். சோறு ஆறிப்போயிருந்தது.