தப்பான ஊசி

இடது கை விரல்களால் அந்தச் சின்ன உலோகத் தலையைப் பிடித்துக்கொண்டு, ரெக்கார்டு பிளேயர் கரத்தின் நுனியில் இருந்த வளையத்தை வலது கையால் திருகினாள். வளையம் இறுகிக்கொண்டது. தலைக்கு அடியில், ஊசியின் அதிர்வைச் சத்தமாக்கிக் கொடுக்கும் கார்ட்ரிட்ஜ், அதன் மூக்கில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஊசி. மெல்லிய தூரிகையால் ஊசியைப் பின்னாலிருந்து முன்னாலாக ஒரே இழுப்பில் துடைத்தாள். தலையின் மேல் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டில், ஊசி இசைத்தட்டை எவ்வளவு எடையோடு அழுத்த வேண்டும் என்று எழுதியிருந்ததோ அதையே வைத்தாள், மருந்து அளவு பார்க்கிற கவனத்தோடு. எல்லாம் சரியாகத்தான் செய்தாள். ஊசி மட்டும்தான் தப்பு. தப்பு என்று தெரிந்தேதான் மாட்டினாள்.

ஜன்னலோர நாற்காலியில் அவள் வீட்டுக்காரர் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது, யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லி வைத்துவிட்டுப் போன பை மாதிரி.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு பக்கவாதம் வந்தது. கால் தேறிவிட்டது. பேச்சு பாதி வந்தது; வேண்டிய சொல் வராதபோது வாயை மூடிக்கொள்வார். கைதான் தகராறு. விரல்களில் பலம் இருக்கிறது, அவர்தான் வேலை வாங்க மாட்டேன் என்கிறார் என்று பயிற்சி கொடுக்க வரும் பெண் ஒவ்வொரு தடவையும் சொன்னாள். இப்போது பழக்காவிட்டால் அந்தக் கை சும்மா இருந்தே பழகிவிடும், அப்புறம் கெஞ்சினாலும் வராது என்றும் சொன்னாள். பிசையக் கொடுத்த ரப்பர் பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்தது. கிள்ளிப் பழகக் கொடுத்த துணிக் கிளிப்புகளை அவர் தொடவே இல்லை.

அவளுக்கு இது புதிதல்ல. முதியோர் இல்லத்தில் சாதாரண ஆயாவாகச் சேர்ந்து, பயிற்சி எடுத்து, கடைசியில் ஒரு மாடி முழுவதையும் பொறுப்பில் வைத்திருந்தவள். கல்யாணமான புதிதில் அவர் அங்கே போன் போட்டு, “மேஸ்திரி இருக்காங்களா?” என்று கேட்கப்போக, அந்தப் பெயர் இல்லம் முழுக்கப் பரவி, டாக்டர் வரைக்கும் அவளை மேஸ்திரி என்றே கூப்பிட்டார்கள். எத்தனையோ முடங்கிய கைகளைப் பார்த்திருக்கிறாள். ஸ்பூனைப் பிடிக்க மாட்டேன் என்று அழிச்சாட்டியம் செய்த ஒரு தையல்காரர், அவளுடைய சீருடையில் ஓரம் பிரிந்து தொங்கியதைப் பார்த்தவுடன் இரண்டு விரலால் இழுத்துச் சரிசெய்தார். பயிற்சிக்காக யாரும் கையைத் தூக்குவதில்லை. கண்ணெதிரே ஒன்று பொறுக்க முடியாமல் போக வேண்டும்.

அவருக்குப் பொறுக்க முடியாதது என்ன என்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

வாழ்நாளெல்லாம் அவருக்கு ஒரே பைத்தியம் பழைய இசைத்தட்டு. அதிலும் பாட்டு பாதி, ஊசி பாதி. ஒரே தட்டை ஒரு ஊசியில் போடுவார், கழற்றி வேறு ஊசியில் போடுவார். “இப்ப கேளு,” என்பார். “கேட்டியா?” என்பார். அவளுக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்ததில்லை. சலவைக்குப் போன படுக்கை விரிப்புகளை மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே தலையாட்டுவாள். கை போனதிலிருந்து பிளேயரின் மூடியைத் திறக்கவே அவர் விடவில்லை. தானே தலையை மாற்ற முடியாது, பிறத்தியாரைத் தொடவிடவும் மனசில்லை. அந்த மாற்றும் வேலைக்கு இரண்டு கை வேண்டும். ஒன்று தலையைப் பிடிக்க, ஒன்று வளையத்தைத் திருக. அவளுக்கு வேண்டியது அதுதான்.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் சந்தில் இருக்கும் கடைக்குப் போனாள். அவருக்கு ஊசி விற்றே தலை நரைத்த கடைக்காரர், அண்ணன் எப்படி இருக்கார் என்று விசாரித்தார். விசாரிப்பெல்லாம் முடிந்ததும் கேட்டாள்.

“தம்பி, எந்த ஊசியைப் போட்டா கேக்கச் சகிக்காது, ஆனா ரெக்கார்டு கெடாது?”

“சரியான ஊசி எதுன்னு கேட்டுத்தாங்க்கா எல்லாரும் இந்தக் கடைக்கு வருவாங்க.”

“நான் தப்பானதைக் கேட்டு வந்திருக்கேன். சொல்லுங்க.”

அவர் பொறுமையாகவே சொன்னார். அண்ணனிடம் மூன்று தலை இருக்கிறது. முதலாவது, நுனி உருண்டையாக, கொஞ்சம் தடித்த ஊசி. ஆரம்ப கால மோனோ தட்டுகளில் ஊசி ஓடும் பள்ளம் அகலம். அந்த ஊசி பள்ளத்தின் இரண்டு சுவரிலும் நடுவாக உட்கார்ந்துகொண்டு போகும். இரண்டாவது நீள்வட்ட நுனி, பின்னால் வந்த ஸ்டீரியோ தட்டுகளுக்கு. மூன்றாவது கத்தி விளிம்பு போல மெல்லியது, மற்றவர்கள் ஓட்டித் தேய்த்த தட்டில் தேயாத இடமாகப் பார்த்துப் போகும். நீள்வட்ட ஊசியை எடுத்துப் பழைய மோனோ தட்டில் போட்டால், அது இருக்க வேண்டிய இடத்தை விட்டுக் கீழே இறங்கி, அடியில் கிடக்கும் தூசியையெல்லாம் வாரிக்கொண்டு போகும். அதற்குரிய கார்ட்ரிட்ஜோ, மேலும் கீழும் குதிக்கிற அந்தக் குப்பைச் சத்தத்தையும் விடாமல் எடுத்துக் கொடுக்கும்.

“எடை சரியா வெச்சு, துடைச்சுப் போட்டா, நாலு தடவைக்கு ரெக்கார்டுக்கு ஒண்ணும் ஆகாது,” என்றார். “அண்ணனுக்குத்தான் உயிர் போயிரும்.”

“போகாது. அதை நான் பாத்துக்கறேன்.”

அதன்படிதான் இன்று மாட்டியிருந்தாள். தட்டையும் யோசித்தே எடுத்திருந்தாள்: பச்சை லேபிள் ஒட்டிய பழைய மோனோ வயலின் தட்டு, அவர் யாருக்கும் இரவல் தராதது. போட்டாள். அவள் காதுக்கு வயலின் வயலினாகத்தான் கேட்டது, கூடவே தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சல். ஆனால் ஜன்னல் பக்கம் இருந்த தலை திரும்பியது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து, மருந்து வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டாள்.

“அது... இல்ல,” என்றார்.

“எது இல்லங்க?” துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

இடது கையால் காட்டினார். அவள் மேஜை விளக்கைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள், ஒன்றும் புரியாதவள் போல மறுபடி மடிக்கத் தொடங்கினாள். தட்டு முடிந்தது. எழுந்துபோய் அதையே முதலிலிருந்து போட்டாள்.

கீழ் வீட்டிலிருந்து நாத்தனார் மூச்சு வாங்க ஏறி வந்தாள். அண்ணன் போட்டால் மாடிப்படி வரைக்கும் இனிக்குமே, இன்றைக்கு என்ன யாரோ அரிசி களைகிற மாதிரி இருக்கிறது என்றாள். அதற்குள் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பிளேயர் முன்னால் போய் நின்று, கரத்தை இடது கையால் தூக்கித் தாங்கியில் வைத்தார். வளையத்தைத் திருகினார். கரம் முழுவதும் கூடவே சுற்றி ஆடியது. மறுபடி திருகினார். ஆடியது. திரும்பி மனைவியைப் பார்த்தார்.

“எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க.”

நாத்தனார் பதறிப்போய்க் கை நீட்டினாள். அவள் அந்த மணிக்கட்டைப் பிடித்து, ஒரு தலையணை உறையைக் கையில் திணித்து, மடி என்றாள்.

“ஏன் அண்ணி அண்ணனை இப்படி வதைக்கிறீங்க?”

“நீ மடி.”

அவருடைய வலது கை மெதுவாக மேலே வந்தது. மேஜை விளிம்பில் இடித்தது, தடவிக்கொண்டே போய்த் தலையைத் தொட்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றை ஒன்று தேடின, பிடித்தன. இடது கை வளையத்தைத் திருகியது. தலை கழன்றது. கழன்ற கணமே விரல் நழுவி, அது தரையில் மோதியது.

அவள் எடுத்துப் பார்த்தாள். ஊசி ஒடிந்திருந்தது.

“போச்சு,” என்றார். நாற்காலிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதற்கு அண்ணி இந்த வேண்டாத வேலை, இருக்கிற தெம்பும் போய்விட்டது பாருங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

இனி அந்தக் கையை அவர் தூக்காமலேயே இருந்துவிட்டால் அதற்கு அவளே பொறுப்பு. ஆனால் பிடித்ததைக் கண்ணால் பார்த்துவிட்டாள். ஒடிந்த ஊசியைக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போட்டாள்.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் ஒரு சொல்லைத் தேடி, கடைசியில் பிடித்துவிட்டார்.

“வேணும்னே... செஞ்ச.”

“ஆமா,” என்றாள். மறைக்க என்ன இருக்கிறது? “இன்னும் ரெண்டு தலை இருக்கு. நாளைக்கு அந்தக் கத்தி ஊசியை எடுத்து மாட்டுவேன். எது எந்தத் தட்டுக்குன்னு எனக்குத் தெரியும். ஆனா தப்பாத்தான் மாட்டுவேன். நீங்க மாத்தற வரைக்கும் தப்பாத்தான் மாட்டுவேன்.”

அவர் பல்லைக் கடித்தார்.

“மேஸ்திரி,” என்றார், திட்டுகிற தொனியில். படுத்த நாளிலிருந்து அந்தப் பெயர் அவர் வாயில் வந்ததில்லை. அவள் விளக்கைப் போடப் போய்விட்டாள்.

மறுநாள் காலை, சமையலறையில் காப்பி கலந்துகொண்டிருந்தபோது கூடத்தில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். அவர் பிளேயர் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் மூளை எங்கேயும் போய்விடவில்லை: கரத்துக்கு அடியில் ஒரு தலையணையைத் திணித்து வைத்திருந்தார். உருண்டை ஊசித் தலை வலது கை விரலிடுக்கில் நடுங்கியது. நழுவித் தலையணையில் விழுந்தது. எடுத்தார். மறுபடி விழுந்தது. வளையத்தை ஒரு தடவை எதிர்ப்பக்கமாகத் திருகிவிட்டு, அவரே தன்னை ஒரு கெட்ட வார்த்தையால் திட்டிக்கொண்டார். அது மட்டும் தடையில்லாமல் வந்தது. அவள் வாசற்படியைத் தாண்டவில்லை. கடைசியில் வளையம் இறுகியது. தலையணையை உருவி எறிந்துவிட்டு, எடையைச் சரிபார்த்து, ஊசியைத் தட்டில் இறக்கினார்.

“இப்ப... கேளு,” என்றார், திரும்பாமலேயே.

கேட்டாள். மழைச் சத்தம் இல்லை. மற்றபடி வயலின்தான்.

“நல்லா இருக்கு,” என்றாள், அவர் கையைப் பார்த்துக்கொண்டு.

காப்பியைக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றி, பாதிக் கோப்பை ஊற்றி, இத்தனை நாளும் இடப்பக்கம் வைத்ததை வலப்பக்கம் வைத்துவிட்டு, ஈரத் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள்.